மாமாவும் அவர் புல்லட்டும்

மறைமலை நகரில் எங்கள் வீட்டு வாசலில் மாமாவின் 1978 மாடல் புல்லட், திருவொற்றியூரில் தயாரானது, சும்மா நின்றிருந்தது. பக்கவாதம் வந்து மாமாவின் வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு பேச்சும் குறைந்துபோயிற்று. இவர் பாட்டரிக்கு சார்ஜ் போட்டு உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை இவர் மறுபடி நாலு உதை உதைத்துவிட்டு ஒரகடத்துக்கு ஷிப்ட் போனதும், மாமா வாசலில் நாற்காலி போடச் சொன்னார்.

"பிளக்கைக் கழட்டும்மா."

எனக்கு மிக்ஸி ஜார் கழற்றத்தான் தெரியும்! எப்படியோ கழற்றினேன். முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. "பெட்ரோல் வருது. கரண்ட்தான் வரலை" என்றார், திக்கித் திக்கி.

பெட்ரோல் குழாயை மூடினேன். பிளக்கைத் துடைத்து, ஓட்டைக்குத் தள்ளி எஞ்சின்மேல் சாய்த்து வைத்து, கிக்கரைக் கையாலேயே அழுத்தினேன். பொறியே இல்லை. சாவி போட்டால் விளக்கு எரிந்தது. ஆனால் பாயிண்ட் சேரும்போது இடப்பக்கம் சாய்ந்து, பிரியும்போது திரும்ப வேண்டிய ஆம்பியர் முள் செத்துக் கிடந்தது.

சாவியை அணைத்துச் சின்ன மூடியைத் திறந்தால், பாயிண்ட் அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. "கண்டென்சர் போனா இப்படித் தீயும்" என்றார் மாமா. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். முள் ஆடியது! பொறி மட்டும் மஞ்சளாக, சோனியாக.

சனிக்கிழமை புதுக் கண்டென்சர் வாங்கிப் போட்டோம். பளிச்சென்று நீலப்பொறி. சாயந்திரம் இவர் ஒரே உதை. அந்த டப்டப் சத்தத்துக்கு மாமாவின் இடது கை தொடையில் தாளம் போட்டது.

இரும்புக்காரருக்கு நானே போன் செய்தேன்.