அம்புக்குறியும் வாய்மொழியும்

கணினி விளையாட்டுகளைக் கலைப்பீட மாணவர் ஆராய்தல் தகுமா என வினவுவோர் நம்மிடையே உளர். கதை, பாத்திரம், களம், உரையாடல் யாவும் அமைந்த ஒன்றை விளையாட்டு என்னும் பெயர் கருதி ஒதுக்குதல் பொருந்தாது என்பதே என் கருத்து. இவற்றுள் உரையாடல் பற்றி, அதிலும் வழி சொல்லும் உரையாடல் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகிறேன்.

பெதெஸ்டா நிறுவனம் 2002 இல் வெளியிட்ட 'மொறோவிண்ட்' விளையாட்டை என் தமையனாரின் பழைய கணினியில் ஆடினேன். கைதியொருவன் கப்பலிற் கொண்டுவரப்பட்டு, சேடா நீன் என்னும் சிற்றூரில் விடுவிக்கப்படுகின்றான். பல்மோரா என்னும் ஊருக்குப் பொதியொன்றைக் கொண்டுசெல்வது அவனுக்கிடப்பட்ட பணி. செல்லுமிடத்தை எந்நேரமும் சுட்டிநிற்கும் அம்புக்குறி எதுவும் திரையில் இல்லை. எதிர்ப்படுவோரைக் கேட்க வேண்டும். எந்தப் பாலத்தைக் கடப்பது, எந்த மலைச்சரிவில் ஏறுவது என்று அவர்கள் சொல்வது நாட்குறிப்பிற் பதிவாகும். சந்திகளிலே கைகாட்டி மரங்களும் உண்டு. சிலர் சொல்லும் வழி தெளிவற்றது. சில வேளைகளிற் பிழையானதும்கூட. எங்கள் ஊரில் வழி கேட்டாலும் நிலைமை இதுதான். எவரும் வீட்டிலக்கம் சொல்லார். பிள்ளையார் கோயிலடி, சங்கக்கடை, மதவு கடந்து இரண்டாம் ஒழுங்கை என்றே விடை வரும். அவ்விடையிற் பாதி வழியும் மீதிப் பாதி சொல்பவரின் ஊரும் இருக்கும்.

அதே நிறுவனம் 2006 இல் 'ஒப்லிவியன்' விளையாட்டைத் தந்தபோது, திரையின் அடியில் ஒரு திசைகாட்டியும் அதிற் செல்லுமிடத்தைச் சுட்டும் குறியும் இடம்பெற்றன. 2011 இல் வந்த 'ஸ்கைரிம்' இம்முறையைத் தொடர்ந்தது. ஆடுவோர்க்கு இது வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், 'ஸ்கைரிம்' விளையாட்டிலே அக்குறியை மறைத்துவிட்டு ஆட முயல்பவர் ஓர் உண்மையை விரைவில் உணர்வர். பணி தருபவன் பெரும்பாலும் குகையின் பெயரை மட்டுமே சொல்கிறான். அதற்குச் செல்லும் வழியை அவன் வாயிற் கேட்க முடிவதில்லை. குறி இருக்கிறதென்ற துணிவில் வழிசொல்லும் வசனமே எழுதப்படாது விடப்பட்டது. நான் இழப்பாகக் கருதுவது இதனையே. குறியை வேண்டாதவர் அணைத்துவிடலாம். எழுதப்படாத உரையாடலை எவரால் மீட்க முடியும்?

மஞ்சள் வண்ணம் பற்றிய பூசலும் இதனோடு தொடர்புடையது. 2023 இல் மீளாக்கம் பெற்ற 'ரெசிடென்ட் ஈவில் 4' விளையாட்டில் ஏணிகளிலும் உடைக்கத்தக்க பெட்டிகளிலும் மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருந்ததைப் பலர் எள்ளினர். அவ்வெள்ளல் முற்றிலும் நியாயமன்று. முன்னைய விளையாட்டுகளில் ஓர் அறையிற் காணப்பட்ட பொருள்கள் சிலவே. கண்ணிற்பட்ட ஏணி ஏறுவதற்குரியதாகவே இருந்தது. இன்று ஓர் அறையை நூறு பொருள்கள் நிறைக்கின்றன; தொடத்தக்கது எது, வெறுங்காட்சி எது என்பதை எவ்வாறேனும் உணர்த்தியாக வேண்டும்.

கைபிடித்து நடத்துவதையே பழிப்போர் 2020 இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 2' விளையாட்டையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அதில் அறுபதுக்கு மேற்பட்ட அணுகல் வசதிகள் உள. செல்லும் திசையை ஒலியால் உணர்த்தும் உதவியும் அவற்றுள் ஒன்று. பார்வையற்றோர் அதனை இறுதிவரை ஆடி முடித்துள்ளனர். அவர்க்கு அது வெறும் சலுகையன்று, வாயில்.

யூபிசொஃப்ட் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட 'அஸாஸின்ஸ் கிறீட் ஒடிஸி' இரு முறைகளையும் ஒருங்கே தந்தது. தொடக்கத்திலேயே ஆடுபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: குறி காட்டும் முறை ஒன்று, தேடிச் செல்லும் முறை மற்றொன்று. பின்னதைத் தெரிந்தால், தேடும் இடம் பண்டைக் கிரேக்கத்தின் எந்த நாட்டில், எந்த ஊருக்கு எத்திசையில் உள்ளதென்ற குறிப்புகளே கிடைக்கும். அவற்றைக் கொண்டு அண்மையிற் சென்று, கழுகைப் பறக்கவிட்டுத் தேட வேண்டும். விடுதியில் என் அறைத்தோழர் முன்னதையே தெரிந்தார். தேர்வுக்காலத்திற் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவருக்கு வேறு வழியில்லை. நான் பின்னதைத் தெரிந்தேன். மூன்று மாலைகளாகியும் இன்னும் முதலாம் தீவை விட்டுப் புறப்படவில்லை.