ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை

இங்கிலாந்து நாட்டில் கணவனும் மனைவியுமாக முதுகில் ஒரு பையைச் சுமந்து, வயல்களினூடே இரண்டு வாரம் நடந்து விடுமுறையைக் கழிப்பார் பலர் உளர். வெயின்ரைட் என்பார் 1973-இல் நூலெழுதி வகுத்த மேற்குக் கடல் முதல் கீழ்க்கடல் வரையிலான நடைபாதை ஏறத்தாழ 190 மைல் நீளமுடையது. அவ்வளவு தொலைவு நடக்க விரும்பும் அணுசக்தி நகர்த் தமிழர் விமானமேற வேண்டியதில்லை. ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆண்டுதோறும் புனாவை அடுத்த ஆளந்தியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்து, ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேர்கிறது. இதனை வாரி என்றும், நடப்போரை வார்க்கரிகள் என்றும் வழங்குவர்.

2024-இல் நாங்கள் இருவரும் அதில் நடந்தோம். பணி ஓய்வு நெருங்கியிருந்தது. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது நம் நகரில் யாவரும் அறிந்ததே. கும்பகோணம் பக்கம் திரும்புமுன், முப்பத்திரண்டு ஆண்டு எங்களுக்குச் சோறிட்ட நாட்டைக் காலால் அளந்து பார்த்துவிடத் துணிந்தோம். உணவுக்கும் கூடாரத்துக்குமாக ஒரு தொகை செலுத்தி ஒரு திண்டியில் சேர்ந்தோம். திண்டி என்பது ஒன்றாக நடந்து, ஒன்றாகப் பாடி, ஒன்றாக உண்ணும் கூட்டம். மூட்டை முடிச்சுகள் லாரியில் முன்னே சென்றுவிடும்.

ஜூன் 29-ஆம் நாள் ஆளந்தியில் பல்லக்குப் புறப்பட்டது. இரண்டாம் நாளே எங்களுள் மூத்தவருக்குக் குதிகாலில் கொப்புளம் கண்டது. இளையவருக்கு ஒன்றும் நேரவில்லை. மூத்தவர் யார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்க.

ஜூலை 2-ஆம் நாள் ஏகாதசி. அன்றுதான் புனாவிலிருந்து சாஸ்வடுக்கு நெடிய நடை. முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. உணவோ ஜவ்வரிசிக் கிச்சடி. திவே காட் என்னும் மலையேற்றத்தில் பல்லக்கு ரதத்துக்குக் கூடுதல் எருதுகளைப் பூட்டுகின்றனர். மேலே நின்று திரும்பி நோக்கினோம். வெள்ளைத் தொப்பிகளும், பெண்டிர் தலையில் சுமந்த துளசி மாடங்களும், காவிக்கொடிகளும் மலைச்சரிவு முழுதும் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. மழை வந்தது, எவரும் ஒதுங்கவில்லை. விதைப்பை முடித்துவிட்டு வந்த உழவரே பெரும்பாலார் ஆதலின், மழையைக் கண்டு அவர்கள் மகிழ்ந்தனர்.

வழியூர்களில் சோளப் பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் கொடுத்து, 'மாவுலி, உண்டு செல்லுங்கள்' என்று கையைப் பிடித்து இழுக்கின்றனர். மாவுலி என்றால் அன்னை. ஆணும் பெண்ணும், கிழவரும் குழந்தையும், அங்கே எல்லாரும் மாவுலிதான். செருப்புத் தைப்பவர் காசு வாங்காமல் தைக்கிறார். முன்பின் அறியாத ஒருவர் எங்கள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கூச்சத்தால் நெளிந்தோம், அவர் விடவில்லை.

நீரா ஆற்றைக் கடந்தபின் ஒரு மூதாட்டி, 'எந்த ஊர்?' என்றார். தமிழ்நாடு என்றோம். 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார்க்கு எதிராகப் பம்பாயில் எழுந்த கூச்சலை நம் சங்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமன்றோ? அந்த நினைவால் சற்றே தயங்கித்தான் சொன்னோம். அவரோ, 'அங்கே விட்டோபா உண்டா?' என்று வினவினார். கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் பெரிய கோயில் உண்டு என்றும், எங்கள் பக்கத்துப் பஜனைகளில் அபங்கம் பாடுவர் என்றும் உரைத்தோம். அருகே வந்த வீணைக்காரர் சிரித்து, விட்டலனையே கன்னடத்தான், கருநாடகத்தான் என்று பாடும் அபங்கம் ஞானேசுவரர் பெயரால் வழங்குவதை எடுத்துக் கூறினார். 'அவனும் வெளியூரிலிருந்து வந்தவன்தான்' என்றார். அன்று மாலை வரை எங்களுக்குக் கால்வலி தெரியவில்லை.

எல்லாம் இனிமையே என்று எழுதிவிடலாகாது. மானுடவியல் அறிஞர் இராவதி கார்வே அம்மையார் இவ்வழியே நடந்து எழுதிய கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரே பாட்டைப் பாடிய ஒரே திண்டியினர், உண்ணும்போது மட்டும் பிராமணரும் மராத்தரும் எனப் பிரிந்தமர்ந்ததை அதில் அவர் வருத்தத்தோடு குறித்திருக்கிறார். எங்கள் திண்டியில் ஒரே பந்தி. எனினும் யார் அருகில் யார் அமர்கின்றனர் என்று கூர்ந்து நோக்கியபோது, பழைய கோடு முற்றும் அழிந்ததென்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

பண்டரிபுரத்தில் பீமா நதி பிறைபோல் வளைவதால் சந்திரபாகை எனப்படுகிறது. ஜூலை 17, ஏகாதசி. கருவறைக்குச் செல்லும் வரிசை ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. வார்க்கரிகள் பலர் அதில் நிற்பதில்லை. கோபுரத்தின் கலசத்தை நோக்கித் தொழுது, நாமதேவர் படியில் தலைவைத்துத் திரும்பிவிடுகின்றனர். நாங்களும் அவ்வாறே செய்தோம். அப்படிக்கு எதிரே சோகாமேளரின் சமாதி இருக்கிறது. சாதி காரணமாகக் கோயிலுக்குள் புக முடியாமல் வாசலிலேயே நின்ற 14-ஆம் நூற்றாண்டு அடியார் அவர். 1947-இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பின்னரே அக்கோயிற் கதவு அவர் குலத்தாருக்குத் திறந்தது. அவ்விடத்தில்தான் நெடுநேரம் நின்றோம்.

நடக்க விரும்பும் அன்பர்கள் சில மாதம் முன்னரே ஒரு திண்டியில் பெயர் கொடுத்துவிட வேண்டும். பழகிய செருப்பே நன்று. புதிதாக வாங்க வேண்டா. மழைக்குக் குடையைவிடப் பிளாஸ்டிக் விரிப்பு உதவும். மராத்தி சரளமாக வாராவிடினும் குற்றமில்லை. மாவுலி என்ற ஒரு சொல்லைக் கொண்டு பாதி வழி நடந்துவிடலாம்.