ஃபார்மட் பண்ணாதீங்க பாஸ்!

உங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டரும் இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு பையனும் இருந்தா, தயவுசெஞ்சு ரெண்டையும் ஒரே ரூம்ல தனியா விடாதீங்க. அனுபவஸ்தன் சொல்றேன்.

எங்க வீட்டு கம்ப்யூட்டர் பேருக்குத்தான் என்னோடது. உண்மையில் அது அம்மாவோட கடைக் கணக்குப்பிள்ளை. அம்மா டெய்லர். தோள், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம்னு கஸ்டமர்களோட ஜாக்கெட் அளவெல்லாம் முன்னாடி ஒரு நீள நோட்டுல பென்சில் கிறுக்கலா இருக்கும். ‘என்னம்மா இது கற்காலம்!’னு செகண்ட் இயர் லீவுல உட்கார்ந்து மொத்தத்தையும் டைப் பண்ணிக் கொடுத்தேன். 214 பேர். நோட்டைப் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டதும் நான்தான். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

2025 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கு. மெஷின்ல இருந்தது உபுண்டு 22.04 (2022-ம் வருஷம் 4-ம் மாசம் வந்ததால அந்தப் பேரு). எல்.டி.எஸ். வெர்ஷன். அஞ்சு வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் வரும். மாத்தியே ஆகணும்னு ஒரு அவசரமும் இல்ல. ஆனா கிளாஸ்ல எல்லாரும் 24.04-க்குப் போயிட்டானுங்க. நமக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? அப்கிரேடைத் தட்டிட்டேன். பேக்கப்பா? அதெல்லாம் எவன் எடுத்தான்!

டவுன்லோட் முடிஞ்சு பேக்கேஜ் ஒவ்வொண்ணா ஏறிட்டிருந்தப்போ கரன்ட் கட். யுபிஎஸ் ரெண்டு தடவை ‘கீ... கீ’ன்னு கத்திட்டு உயிரை விட்டுச்சு. பேட்டரி மாத்தணும்னு அப்பா நாலு மாசமா சொல்லிட்டிருந்தார்.

கரன்ட் வந்ததும் ஆன் பண்ணினா, கருப்பு ஸ்கிரீன்ல பொடிப்பொடியா வெள்ளை எழுத்து. கடைசியில ‘கெர்னல் பேனிக்’. கெர்னலே பேனிக் ஆனா நான் எம்மாத்திரம்?

சரியா அந்த நேரத்துல, கழுத்துல டேப் தொங்க அம்மா வந்தாங்க. “தம்பி, போஸ்ட் ஆபீஸ் அக்காவோட கை அளவு பார்த்துச் சொல்லேன்.”

“ஒரு நிமிஷம்மா.” அந்த நிமிஷம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் முடிஞ்சுது.

ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். “ஃபார்மட் பண்ணிடு மச்சி, அரை மணி நேர வேலை”ன்னான். அவனுக்கென்ன, அவன் டிஸ்க்ல இருக்கிறதெல்லாம் சினிமா. கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. ஆனா 214 பேர் கண்ணு முன்னால வந்து நின்னாங்க.

என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சேன். கெர்னல் எழுந்ததும், டிஸ்க் எங்கே இருக்குன்னு அதுக்கு வழிகாட்ட இனிட்-ராம்-எஃப்எஸ்னு ஒரு ஃபைல் வேணும். புது கெர்னல் வந்து உட்கார்ந்துடுச்சு, அந்த ஃபைல் உருவாகுறதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு. அதாவது, பீரோ பத்திரமா இருக்கு, சாவியைத்தான் காணோம். அதுக்காக பீரோவையே கொளுத்துறதுதான் ஃபார்மட்!

பழைய இன்ஸ்டலேஷன் பென் டிரைவைப் போட்டு பூட் பண்ணினேன். இன்ஸ்டால் பண்ணாமலே ‘ட்ரை’ பண்ணிப் பார்க்கிற வசதி அதுல இருக்கு. டிஸ்கைத் திறந்தா, அம்மாவோட ஃபைல் அப்படியே சமர்த்தா உட்கார்ந்திருக்கு! வெறும் 46 கேபி. இன்னும் ரெண்டு பென் டிரைவ்ல அதை காப்பி பண்ணின பிறகுதான் தண்ணி குடிச்சேன்.

அப்புறம்தான் ரிப்பேர். ஷிஃப்டை அழுத்திப் பிடிச்சு க்ரப் மெனுவுக்குப் போய், பழைய கெர்னலோட ரெக்கவரி மோடுல நுழைஞ்சேன். எது அடிச்சாலும் ‘ரீட் ஒன்லி’ன்னு எரர். கால் மணி நேரம் முழிச்சப்புறம்தான் டிஸ்கை ரீமவுன்ட் பண்ணணும்னு உறைச்சுது. பாதியில நின்ன பேக்கேஜ்களை முடிக்கச் சொல்லி ஒரு கமாண்ட், விட்டுப்போன அந்த ஃபைலை உருவாக்க இன்னொண்ணு. ரீஸ்டார்ட். 24.04 பல்லைக் காட்டிச்சு.

காலையில அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டலை. நூறு ரூபாயை நீட்டி, “ஒரு நீள நோட்டு வாங்கிட்டு வா. எழுத்து நல்லா இருக்கணும்”னாங்க.

214 பேரையும் எழுதி முடிக்க நாலு நாள் ஆச்சு. போஸ்ட் ஆபீஸ் அக்காவுக்குக் கை நீளம் ஆறரை இன்ச். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.