கதவு நம்பரைத் திருப்பிப் போடு!

உறையூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சோழன் தலைநகரம்? கைத்தறிச் சேலை? சீமை வரை போன சுருட்டு? எனக்கு இனிமேல் ஒரு வெள்ளை ரிமோட்தான்.

சாலை ரோட்டிலிருந்து திரும்பி வெக்காளியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். அம்மன் தலைக்கு மேல் கூரை கிடையாது, ஆகாயம்தான். வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டிவிட்டால் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடும். ஆக, இந்த ஊருக்கு வயர்லெஸ் ஒன்றும் புதிதில்லை!

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி டியூஷன். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரு காலத்தில் தறி ஓடியதாம். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். மாஸ்டர் பேனா மாதிரி ஒன்றால் சுவரில் கோடு இழுக்க, முக்கோணம் விழுந்தது.

''ஸ்மார்ட் போர்டா சார்? லட்சம் ஆகுமே!''

''அட நீங்க வேற! நான் வாங்குற ஃபீஸ்ல லட்சத்துக்கு எங்க போறது? அதோ பாருங்க.''

ஸ்டூல் மேல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு ரிமோட். 2006-ல் வந்த நின்டெண்டோ 'வீ' விளையாட்டுப் பெட்டியுடையது. மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தாராம். பெட்டி மண்டையைப் போட்டுவிட்டது. ரிமோட் பிழைத்தது.

அதன் மூக்கில் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. ஒரே நேரத்தில் நாலு ஒளிப்புள்ளிகளைப் பின்தொடரும். பேனாவில் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்றைச் செருகினால் எந்தச் சுவரும் ஸ்மார்ட் போர்டு என்று 2007-ல் செய்து காட்டியவர், அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜானி சங் லீ.

ஆனால், ரிமோட் முதலில் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமே? பேசுவது புளூடூத் பாஷைதான். இலக்கணத்தைக் கம்பெனி வெளியில் சொல்லவில்லை. ஆர்வலர்கள் விடவில்லை. ஒரு பட்டனை அமுக்குவது, வருகிற எண்களில் எது மாறுகிறது என்று பார்ப்பது, எழுதி வைப்பது. அடுத்த பட்டன். இப்படியே அகராதி போட்டுவிட்டார்கள்.

கடைசிப் பூட்டு, ரகசிய எண். பி.காம். மூளைக்குப் புரிகிற மாதிரி மாஸ்டர் சொன்னார்: ''ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் ஆறு பைட்டுல ஒரு முகவரி உண்டு, கதவு நம்பர் மாதிரி. அதைத் திருப்பிப் போட்டா சாவி!''

சிரிக்காதீர்கள், நிஜம். 1, 2 பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் ரிமோட்டின் முகவரி. பேட்டரி மூடிக்குள் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரின் முகவரி. கீபோர்டில் அடிக்க முடியாத எழுத்துகள் வரும் என்பதால் சாஃப்ட்வேர்தான் போட்டுக்கொடுக்க வேண்டும். நல்லவேளை, நம்மூர் மாதிரி பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு வைக்கவில்லை!

''கம்பெனி பூட்டைத் திறக்கிறது தப்பில்லையா சார்?''

மாஸ்டர் சாக்பீஸ் தூசியைத் தட்டினார். ''காசு குடுத்து வாங்குன பொருள், நம்ம வீட்டுப் பூட்டு. சாவி தரலை, செஞ்சுக்கிட்டோம். அடுத்தவன் வீட்டுக்கா போனோம்?''

கம்பெனி அடுத்தடுத்த பெட்டிகளுக்குப் போய்விட்டது. அது எப்போதோ கைகழுவிய ரிமோட், உறையூர் மாடியில் பித்தகோரஸ் தேற்றம் நடத்திக்கொண்டிருக்கிறது. யாரோ நாலு பேர் பொறுமையாக ஒட்டுக்கேட்டு எழுதி வைத்ததால்!