விருந்தினர்க்கோர் இடம்

இல்லத்தின் எழில் அதன் பரப்பில் இல்லை. நண்பர்க்கென ஒதுக்கும் இடத்திலேயே தங்கியுள்ளது. புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கற்பிட்டித் தீபகற்பத்து ஆலங்குடா இதனை உணர்த்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பலர் இப்பகுதியிற் கிடுகுக் குடிசைகளில் ஒதுங்கினர். ஒற்றை அறையே அடுக்களையும் படுக்கையுமாயின், வருபவரை எங்கே அமர்த்துவது? அத்தகைய குடிசைக்கு முற்றத்து நிழலில் விரிக்கும் பாயே வரவேற்பறை.

2007இல் உலக வங்கியின் உதவியுடன் இம்மக்களுக்கெனப் புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் உருவாயிற்று. சிறிய கல்வீடாயினும் முதலில் எண்ணத்தக்கது முன்விறாந்தையே. கடற்காற்று ஊடுருவ எதிரெதிர்ச் சாளரங்கள், வெயிலைத் தடுக்கத் தாழ்ந்த இறவாரம், பாய் விரிக்கத் தடையற்ற தரை, இவை போதும். அகதியென அழைக்கப்பட்டவர் பிறரை “வாருங்கள்” என்றழைக்கும் நாளிலேதான் வீடு வீடாகின்றது.