மறிச்சுக்கட்டிக் கிணறு

மன்னாரிலிருந்து வங்காலை வழியாகத் தெற்கே செல்லும் கரையோரப் பாதை, அருவியாற்றைக் கடந்ததும் முசலிப் பகுதியுட் புகுகின்றது. முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கெனத் தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகை இடிபாடாய் நிற்கின்றது. சிலாவத்துறையையும் கொண்டச்சியையும் தாண்டினால் மறிச்சுக்கட்டி. நான் தேடிச் சென்றது அந்தச் சிற்றூரையே.

2015ஆம் ஆண்டிலே, வில்பத்துப் பூங்காவை அழித்து முஸ்லிம்களைக் குடியேற்றுகிறார்கள் என்று செய்தி முழங்கிற்று. அதை நம்பி வகுப்பிலே வாசித்துக் காட்டினேன். “அந்தக் கிராமம் பூங்காவுக்குள்ளேயா இருக்கிறது, சேர்?” என்றான் ஒரு மாணவன். தேசப்படத்தைப் பாராமலே, “ஆம்” என்று விடையிறுத்தேன். அந்த ஒரு சொல்லே என்னை இவ்வழி இழுத்து வந்தது.

1938இல் அமைந்த அப்பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. மறிச்சுக்கட்டியோ ஆற்றுக்கு வடக்கே உள்ளது. முதியவர் ஒருவர் தம் வளவுக்குள் அழைத்துச் சென்று கற்கிணறு ஒன்றைக் காட்டினார்.

“எங்கட வாப்பா வெட்டினது, மாஸ்டர். திரும்பி வந்து பாத்தா, கிணத்துக்குள்ள மரம் நிக்குது.”

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போனவர்களுள் அவரும் ஒருவர். தமிழனாகிய எனக்கு அந்த வரியை விரைந்து கடக்க மனம் வரவில்லை.

2009இல் போர் முடிந்து அவர்கள் மீண்டபோது ஊர் காடாகியிருந்தது. 2012இல் இப்பகுதிக் காணிகள் பல ஒதுக்கக் காடென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில், ரஷ்யப் பயணத்தின்போதே ஜனாதிபதி மாவில்லுக் காட்டுக்கு ஒப்பமிட்டார். பரப்பு 40 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல்! பூங்கா வேறு, ஒதுக்கக் காடு வேறு என்பதைத் தலைப்பெழுதியோர் எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் செய்தி முழுப்பொய்யுமன்று. பூங்காவுக்கு வடக்கே, கல்லாறு ஒதுக்கக் காட்டிலே மரம் வெட்டிக் குடியேற்றியது சட்டவிரோதமென 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

அமெரிக்கா 1872இல் யெலோஸ்டோனைப் பூங்காவாக்கியபோது, எல்லோரும் சென்று கண்டு களிக்கும் சுதந்திரமே பெரிதாகத் தெரிந்தது. அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகளுக்கு இடமில்லாமற் போயிற்று. இந்தியாவோ, காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்கும் சட்டத்தை 2006இல் இயற்றியது. கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு யானை தடையின்றி உலவுவதே சுதந்திரமாகத் தோன்றலாம். முதியவரிடம் அவருடைய சுதந்திரம் யாதெனக் கேட்டேன்.

“கிணத்தைத் தூர்வார ஆரிட்டயும் கடிதம் வாங்காம இருக்கிறது” என்றார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் கரும்பலகையில் மோதரகம் ஆற்றை வரைந்தேன். அன்று வினாவிய மாணவன் படிப்பை முடித்து எப்போதோ போய்விட்டான்.