அத்தை அடுக்கிய தெரு!

"தம்பி, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"

மேலகரத்தில் நான் செல்போனைத் தூக்கிய மூன்றாவது நிமிஷம் வந்த கேள்வி. கேட்டவர் டீக்கடை அண்ணாச்சி. முகத்தில் நிஜமான கலவரம். கடை ரோட்டோரமாயிற்றே!

"இல்லண்ணாச்சி... தாம்பரத்துல இருக்கிற எங்க அத்தைக்கு ஊரைக் காட்டணும்."

"அதுக்கு எதுக்குப் பத்தடிக்கு ஒரு போட்டோ?"

நியாயமான சந்தேகம்தான். 2011-ல் பெங்களூரில் கூகுள் கேமரா கார் தெருத்தெருவாகப் போனபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போலீஸே நிறுத்தியது. பிறகு 2022 ஜூலையில்தான் சென்னை உட்பட 10 நகரங்களோடு 'ஸ்ட்ரீட் வியூ' இந்தியாவுக்கு வந்தது. அந்தப் பத்தில் மேலகரம் ஏது? அத்தைக்கோ முட்டிவலி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற முடியாது. "நம்ம தெருவை ஒருக்கா பாத்துட்டாப் போதும்" என்று தினம் புலம்பல். ஆகவே, கூகுள் காருக்குப் பதில் அடியேன்!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம். அருவிக்குப் பறக்கிற சீசன் வேன்கள் இங்கே நிற்பதில்லை. ஆனால் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு இதுதான் சொந்த ஊர். அதற்குப் பரிசாகக் கிடைத்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். பாட்டின் பெயரில் ஒரு வயல்!

முகத்தில் சாரல். போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்து 140 படங்கள் எடுத்தேன். 'லொக்கேஷன்' ஆனில் இருந்தால் ஒவ்வொன்றிலும் நேரத்தோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாகும். அட்சரேகையில் நாலாவது தசம ஸ்தானம் ஒன்று மாறினால் சுமார் 11 மீட்டர், அதாவது இரண்டு வீடு தள்ளிப் போய்விடும். இதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் படங்களைத் தெரு வரிசையில் கோக்கிறது. 'மாப்பிலரி' போன்ற தளங்களில் யாரும் ஏற்றலாம். முகங்களையும் வண்டி நம்பர்களையும் அவர்களே மங்கலாக்கிவிடுவார்கள்.

அடுத்து நான் செய்ததுதான் மகா புத்திசாலித்தனம்! எல்லாவற்றையும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் இடமில்லையென்று அழித்துவிட்டேன். சாதாரணமாக போட்டோ அனுப்பினால் வாட்ஸ்அப் இடக்குறிப்பை உதறிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கையில் 140 அநாதைப் படங்கள். எது எந்தச் சந்து?

பிரிண்ட் போட்டு அத்தை முன் கொட்டினேன். கண்ணாடியை மாட்டினாள்.

"இது பிள்ளையார் கோயில் முக்கு... இது ஆச்சி வீட்டுத் திண்ணை... ஏல, இதை ஏன் இங்க வைக்க? தெக்க பாத்து நடந்தா மலை வலது கைப்பக்கம்லா வரணும்!"

அரைமணி நேரத்தில் ஹால் தரையில் தெருவே வந்துவிட்டது. ஒரு படத்தில் மட்டும் அத்தையின் கை நின்றது. காலி மனை.

"இங்கன என் கூடப் படிச்சவ வீடுல்லா இருந்தது..."

யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நான் மெதுவாக அந்தப் படத்தை எடுக்கப் போனேன்.

"வைல அங்கயே! அதை எடுத்துட்டா அடுத்த வீடு எடம் மாறிரும்லா?"

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர் எழுதச் சொன்னாள். காலி மனைக்கும் சிநேகிதியின் பெயர்தான்.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களே, உங்கள் தெருவையும் ஒருமுறை எடுத்து வையுங்கள். லொக்கேஷனை ஆன் செய்ய மறக்காதீர்கள். மறந்தாலும் பரவாயில்லை, வீட்டில் ஓர் அத்தை இருக்கும்வரை!